ஒரு யையாவும் ஆறு இரங்கல்களும்

கெஸ்துர் ஓர்மார்சன் தன் எண்பதாவது பிறந்த நாள் விருந்துக்கு வந்தவர்களில் ஆறு பேரை ஒவ்வொருவராகப் படிப்பறைக்குள் கூப்பிட்டு, ஆளுக்கொரு உறையைக் கையில் திணித்தார். உறைக்குள் இருந்தது அவருக்கான இரங்கல் கட்டுரை. அவரே எழுதி, அவரே தட்டச்சு செய்து, அவருக்காக அவரே கண்ணீரும் விட்டிருந்தார். கீழே கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. "நான் போனதும் பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைய துக்கத்தில் உங்களுக்கு எழுத வராது" என்று கரிசனமாகச் சொன்னார்.

ஐஸ்லாந்தில் பிறந்தவர்களுக்கு அவருடைய பயம் புரியும். இங்கே ஒருவர் செத்தால், அடக்கத்தன்று காலைப் பத்திரிகையில் அவரைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெண்டாட்டி எழுதுவாள், விட்டுப் போன பெண்டாட்டியும் எழுதுவாள். ஒரே படகில் வலை இழுத்தவன், எதிர் வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்று எல்லோரும் செத்தவரிடம் நேருக்கு நேர் பேசுவதுபோல எழுதுவார்கள். நாங்கள் காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டே எத்தனை என்று எண்ணுவோம். ஒரு மீன் கடைக்காரிக்கு முப்பத்திரண்டு வந்தது. ஒரு முன்னாள் மந்திரிக்கு மூன்றுதான் வந்தது, அதிலும் ஒன்று அவருடைய தம்பி குறை சொல்லி எழுதியது.

நாற்பது வருஷம் வெளிநாட்டில் தூதராக இருந்துவிட்டுத் திரும்பிய கெஸ்துருக்கு இங்கே எழுத யார் இருக்கிறார்கள்? மனைவி கோபன்ஹேகனிலேயே தங்கிவிட்டாள். பிள்ளை கிடையாது. ஆகவே துக்கப்படுபவர்களை அவரே ஏற்பாடு செய்தார். ஓய்வு பெற்ற பிஷப் ஒருவர், அமைச்சகத்தின் பழைய செயலர், ஒரு வங்கித் தலைவர், சித்தப்பா பிள்ளைகள் இரண்டு பேர். ஆறாவது உறை சால்வோர் பால்டுர்ஸ்தோத்திருக்கு.

சால்வோர் ஒரு காலத்தில் மாஸ்கோவில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். வீட்டுக்குப் போய் உறையைப் பிரித்தாள். "மதிப்புக்குரிய கெஸ்துர் அவர்களே, மாஸ்கோவில் நீங்கள் சொன்ன அந்த அமர வாக்கியத்தை மொழிபெயர்க்கும் பாக்கியம் எளியவளான எனக்குக் கிடைத்தது" என்று தொடங்கியிருந்தது. எளியவள் என்ற சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கெஸ்துர் என்றால் எங்கள் மொழியில் விருந்தாளி. பெற்றவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்தாளி ஸ்டாக்ஹோம், பான், மாஸ்கோ, பாரிஸ், நியூயார்க் என்று ஊர் ஊராக நாற்பது வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டார். ஐஸ்லாந்துத் தூதரகம் என்றால் மூன்று பேர்: தூதர், தட்டச்சுப் பெண், காரோட்டி. ஜூன் பதினேழு தேசிய நாளில் காரோட்டிதான் சமையல்காரனும். அன்று வெண்ணெய் தடவிய கருவாட்டை வெள்ளித் தட்டில் வைத்து நீட்டுவார்கள், மற்ற நாட்டுத் தூதர்கள் எல்லாம் காற்று வாங்க ஜன்னலோரம் போய் நிற்பார்கள்.

பெரிய மாநாடுகளில் அகர வரிசைப்படி உட்கார வைப்பார்கள். ஐஸ்லாந்துக்குப் பக்கத்து நாற்காலி இந்தியாவுடையது. அந்த ஒரே காரணத்தால் கெஸ்துர் ஓய்வு பெற்ற பிறகு, "இந்தியாவோடு எனக்கு மிக நெருங்கிய உறவு இருந்தது" என்று வானொலியில் பேட்டி கொடுத்தார். ஒரு விருந்தில் அவரை அயர்லாந்துத் தூதர் என்று தவறாக அறிவித்துவிட்டார்கள். அயர்லாந்தின் நாற்காலி மேசையின் தலைமாட்டுக்கு அருகில் இருந்ததால், கெஸ்துர் திருத்தாமல் புன்னகையோடு போய் உட்கார்ந்துகொண்டார். நிஜ அயர்லாந்துத் தூதர் எங்கே சாப்பிட்டார் என்று யாருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் நாட்டில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான். குடியரசுத் தலைவரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். நீங்கள் என்ற பழைய மரியாதைச் சொல்லை எழுபதுகளிலேயே அடக்கம் செய்தாயிற்று. கெஸ்துர் தன் தூதரகத்துக்குள் மட்டும் அதைத் தோண்டி எடுத்து உட்கார வைத்தார். பால்காரனைக்கூட நீங்கள் என்பார், மரியாதை திரும்பி வரவேண்டும் என்பதற்காக. நெஸ் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்த சால்வோருக்கு அந்தச் சொல் வாயில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் சொன்னாள். வேலை வேண்டுமே.

அந்த மாஸ்கோ கதை நடந்தது 1979 அக்டோபரில். உப்பிட்ட ஹெர்ரிங் மீன் விற்கப் போயிருந்தார்கள். எதிர்த் தரப்பின் அதிகாரி பெரிய மீன் மட்டும் போதும், சின்ன மீன் ஒரு பீப்பாய்கூட வேண்டாம் என்று மூன்று நாளாக ஒரே பிடியாக நின்றார். அந்த வருஷம் நெஸ் ஊரில் பிடித்ததில் பாதிக்கு மேல் சின்ன மீன். உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து, துறைமுகம் முழுக்க அடுக்கி வைத்திருந்தார்கள். விற்காமல் திரும்பினால் ஊரே குளிர்காலத்தைக் கடனில் ஓட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் மதியம், "இதுதான் கடைசி வார்த்தை" என்றார் அந்த அதிகாரி. எல்லோரும் கெஸ்துரைப் பார்த்தார்கள். கெஸ்துருக்குப் பசி. காலையில் போட்ட புது ஷூ கடித்தது. அவர் இரண்டு உள்ளங்கையாலும் தொடையில் தட்டி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, "யையா" என்றார்.

யையா என்றால் என்ன என்று ஐஸ்லாந்துக்காரனைக் கேட்டால் தோளைக் குலுக்குவான். சரி, அப்புறம், போகலாமா, போகட்டும், என் தலையெழுத்து, மழை விட்டதா, எல்லாவற்றுக்கும் யையாதான். தொடையில் தட்டிச் சொன்னால் வீட்டுக்குக் கிளம்ப நேரமாயிற்று என்று அர்த்தம். கெஸ்துர் சாப்பாட்டுக்குக் கிளம்பினார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் மேசைக்கு எதிரே இருந்தவர்களுக்கு எங்கள் மொழி தெரியாது. ஒரு தூதர் பாதி எழுந்து நிற்கிறார், ஏதோ சொல்லிவிட்டார். இப்போது எல்லோரும் சால்வோரைப் பார்த்தார்கள்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பதினொரு வயதிலிருந்து எட்டுக் கோடை நெஸ் துறைமுகத்தில் பீப்பாய்க்குள் குனிந்து ஹெர்ரிங் அடுக்கியவள். விரல் இடுக்கில் உப்பு அரித்த தழும்பு அப்போதும் இருந்தது. அவள் வாய் திறந்து, ரஷ்ய மொழியில், அவசரமே இல்லாமல் சொன்னாள்: "பெரிய மீனும் சின்ன மீனும் ஒரே வலையில்தான் வருகின்றன. பெரியதை மட்டும் கேட்பவருக்குப் போட எங்களிடம் வலை இல்லை."

எதிரே இருந்த அதிகாரி, பாதி எழுந்து நின்ற கெஸ்துரைப் பார்த்தார். போயே விடுவான் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அரை மணி நேரத்தில் சின்ன மீனும் போயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அந்தக் காக்கைதான் கெஸ்துர். பழத்தை உலுக்கியவள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் குழுவில் வந்திருந்த மற்ற இருவருக்கும் ரஷ்ய மொழி தெரியாது. அதில் ஒருவர், மீன் வாரியத்துக்காரர், வெளியே வரும்போது அவள் காதருகே, "ஏன் சால்வோர், யையாவுக்கு ரஷ்ய பாஷையில இவ்வளவு நீளமா?" என்று கண்ணடித்தார். அந்த இருவருமே இப்போது மண்ணுக்குள்.

லிஃப்டில் கெஸ்துரும் அவளும் மட்டும் இருந்தார்கள். கெஸ்துர் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டே கேட்டார்: "நான் என்ன சொன்னேன்?"

அவள் சொன்னாள்.

"நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன்" என்றார். இரண்டு மாடி இறங்கிய பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தச் சொல்லை அரசாங்கத்தின் வாயில் வைத்தாள் என்று தெரிந்தால், உங்களுக்கு என்ன ஆகும் தெரியுமல்லவா? உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்."

அன்று மாலை தலைநகருக்குப் போன தந்தியில், "நான் எழுந்து நின்று கூறியதாவது" என்று அந்த வாக்கியம் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவள் சால்வோர். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று கெஸ்துர் அந்த நெய்யை நாற்பது வருஷம் ஊற்றிச் சாப்பிட்டார். நாட்டின் பெரிய மரியாதையான வல்லூறு விருது கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்தது. இந்தப் பக்கம் சால்வோர் மருந்துச் சீட்டுகளையும் இயந்திரக் கையேடுகளையும் மொழிபெயர்த்து ஓய்வு பெற்றாள். மொழிபெயர்ப்பவர் அறையில் இல்லாத மாதிரி இருக்க வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அவளும் இல்லாத மாதிரியே இருந்துவிட்டாள்.

அப்படியே போயிருக்கும். 2019 ஏப்ரலில் நெஸ் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. துறைமுகத்தில் ஒரு கருங்கல் நடப்போகிறார்கள். அந்த வாக்கியத்தை வெட்டி, கீழே கெஸ்துர் ஓர்மார்சன் என்று போடுவார்கள். ஜூன் முதல் ஞாயிறு, கடலோடிகள் நாளில் திறப்பு. மொழிபெயர்த்தவள் என்ற முறையில் அவளும் வந்து சிறப்பிக்க வேண்டும். சால்வோர் அன்று மதியம் சாப்பிடவில்லை. புத்தகத்தில் வந்ததைப் பொறுத்துக்கொண்டாள், புத்தகம் கிழிந்து போகும். அவளுடைய ஊரில், அவள் உப்பில் கை வெந்த அதே துறையில், கல்லில் அவர் பெயரா? அந்தக் கல்லில் தன் பெயர் வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவள் வெளிப்படையாக ஆசைப்பட்டாள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

மே மாதத்தில் ஒரு காலை. எங்கள் நாட்டில் செய்தி பிறப்பது நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில்தான். தலைநகரில் குடியிருந்த சால்வோர் தினமும் ஏழு மணிக்குப் போய்விடுவாள். கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்த ஹால்பெரா, ஓய்வு பெற்ற மருத்துவச்சி, அவளைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"அடியே, உன் தூதர் போயிட்டான்!"

"யாரு?"

"கெஸ்துர் ஓர்மார்சன். நேத்து ரேடியோல மரண அறிவிப்புல படிச்சாங்க. செல்ஃபோஸ்னு ஏதோ ஊரு சொன்னாங்க. வீடு மாத்திட்டான் போல."

"அங்க கண்ணாடி வீட்டுக்குள்ள தக்காளி வளக்கலாம்" என்றார் ஃபின்போகி. முன்பு படகுக்காரர், பிறகு டாக்சிக்காரர். "வெளிநாட்டுல சாப்பிட்டுப் பழகினவன் பாரு."

சால்வோர் அவர் வீட்டுக்குத் தொலைபேசி செய்து விசாரிக்கவில்லை. விசாரித்தால் உயிரோடு இருந்துவிடுவாரோ என்று பயந்தாள். வீட்டுக்கு வந்து, ஈரத் தலையோடு இழுப்பறையைத் திறந்து, எளியவளின் கட்டுரையைக் குப்பையில் போட்டுவிட்டு, எழுத உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் எழுதி முடித்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள்.

"கெஸ்துர், மாஸ்கோவில் நீ சொன்னது யையா. மற்றதைச் சொன்னது நான். நீ என்ன சொன்னாய் என்று லிஃப்டில் என்னிடம்தான் கேட்டாய். நான் சொல்லித் தந்தேன், நீ எடுத்துக்கொண்டாய். தந்தியைத் தட்டச்சு செய்ததும் நான்தான், ஆகவே திருட்டில் எனக்கும் பங்கு உண்டு. நெஸ் துறைமுகத்துக் கல்லில் உன் பெயர் வரக்கூடாது. அது என் வாக்கியம், என் ஊர். உன்னை நீ என்று கூப்பிட எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று. நிம்மதியாகத் தூங்கு. சால்வோர் பால்டுர்ஸ்தோத்திர், மொழிபெயர்ப்பாளர்."

அவள் நீ என்று எழுதிவிட்டாள். இனி இந்தக் கதையிலும் அவனுக்கு அவர் கிடையாது.

வெள்ளிக்கிழமை பத்திரிகையைப் பிரித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தின் தலைப்பில் கம்பளித் தொப்பி போட்ட, முன்பல் இல்லாத, சிரித்த முகம் ஒன்று. கெஸ்துர் ஓர்மார்சன், பேருந்து ஓட்டுநர், செல்ஃபோஸ், வயது அறுபத்தாறு. குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல் அப்பன் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு திரிகிற நாட்டில் இது நடக்காமல் என்ன செய்யும்? ஓட்டுநருக்கு நாற்பத்தொரு இரங்கல் வந்திருந்தது. பனிப்புயலில் வண்டி நின்றபோது பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து வீட்டில் விட்டதை ஒரு பெண் எழுதியிருந்தாள். அதற்கு அடுத்ததாக, "பாரிஸ் நகரமே உமது பிரெஞ்சு உச்சரிப்புக்குத் தலை வணங்கியது" என்று பிஷப். அதற்கும் கீழே செயலர், வங்கித் தலைவர், சித்தப்பா பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரே சொற்களில், "உமது புன்னகைக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது" என்று அழுதிருந்தார்கள். கடைசியாக சால்வோர்.

பத்திரிகையில் அந்தப் பக்கத்தைக் கவனிக்கும் ஊனா என்ற பெண் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். "எனக்கு சந்தேகம் வரலை சால்வோர். முதல்ல தூதரா இருந்துட்டு அப்புறம் பஸ் ஓட்டப் போயிட்டான்னு நெனச்சேன். முன்னேறிட்டான்னு தோணுச்சு."

நாடே சிரித்தது. ஒரு வாரம் கடைகளில், கப்பல் துறையில், தேவாலய வாசலில் ஒருவரையொருவர் பார்த்து, "உன் புன்னகைக்குப் பின்னாடி யாரு நிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டார்கள். சிரிப்பில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. துக்கம் தாங்காத அந்த ஆறு பேரில் ஒருவருக்குக்கூட அவன் வீட்டுக்கு ஒரு முறை தொலைபேசி செய்யத் தோன்றவில்லை. கெஸ்துர் தன் சாவுச் செய்தியைக் காலைக் காப்பியோடு தானே படித்துத்தான் தெரிந்துகொண்டான்.

மறு வாரம் நெஸ் நகராட்சித் தலைவன் ப்ரோத்தி சால்வோரைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சால்வோர், எனக்குத் தலை சுத்துது. கல்லு வந்தாச்சு. வர்ற திங்கக்கிழமை எழுத்து வெட்டணும். ஞாபகம் தப்பி எழுதிட்டேன்னு நீ ஒத்துக்கப்போறதா அந்த கெஸ்துர் கடுதாசி போட்டிருக்கான்."

"நான் ஒத்துக்கல. அது என் வாக்கியம்."

"சாட்சி இருக்கா?"

"ரெண்டு பேர் இருந்தாங்க. செத்துட்டாங்க."

"அப்ப அவன் வாயால வரணும். இல்லேன்னா கவுன்சில் தீர்மானப்படி அவன் பேருதான். என்னைத் திட்டாதே, நான் தபால்காரன் மாதிரி."

சால்வோர் வைத்துவிட்டாள். அவன் வாயால் வருவதா? நாற்பது வருஷமாக அந்த வாயிலிருந்து எது தானாக வந்தது? அவளுக்கு அழுகை வந்தது. சனிக்கிழமை காலை, போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, பழக்கத்தினால் குளத்துக்குப் போனாள்.

அன்று கெஸ்துரும் அங்கே வந்தான். அவள் எப்போது எங்கே இருப்பாள் என்று விசாரித்திருக்கிறான். பல வருஷமாகப் பொதுக் குளத்துப் பக்கமே வராதவன், நீச்சல் கால்சட்டையைக் கழற்றாமலேயே குளியலறையில் நனைந்துவிட்டு நேராக உள்ளே வரப் பார்த்தான். காவலாள், "கழட்டிட்டு சோப்பு போட்டுக் குளி, தூதரா இருந்தாலும்" என்று திருப்பி அனுப்பிய குரல் தொட்டி வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, தோல் சிவந்து, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாளை ஏந்திக்கொண்டு வந்து தொட்டிக்குள் இறங்கினான். பதக்கமும் கழுத்துப்பட்டையும் இல்லாமல் பார்த்தால் உரித்த கோழி மாதிரிதான் இருந்தான்.

"சால்வோர் அவர்களே, காலை வணக்கம். நீங்கள் நலமா?"

"யாருடா அது அவர்களே?" என்றார் ஃபின்போகி. "தொட்டிக்குள்ள எத்தனை சால்வோர் இருக்கா?"

"செத்தவன் எந்திரிச்சு கையெழுத்து வாங்க வந்திருக்கான் பாரு" என்றாள் ஹால்பெரா.

கெஸ்துர் அவர்களைப் பார்க்கவில்லை. புன்னகைத்தான். அந்தப் புன்னகைக்குப் பின்னால் அன்று ஒன்றுமே நிற்கவில்லை. "உங்கள் வயதில் ஞாபகம் பிசகுவது சகஜம்" என்று தாளை நீட்டினான். "இதில் ஒரு கையெழுத்து. கல் திறக்கும் நாளில் உங்களைப் பற்றி என் உரையில் ஒரு வரி சேர்க்கிறேன்."

சால்வோரின் தொண்டையில் பழைய நீங்கள் வந்து நின்றது. விழுங்கினாள்.

"ஒண்ணு கேக்கறேன் கெஸ்துர். நீ சொன்னதைத்தான் நான் ரஷ்ய பாஷையில மாத்தினேன்னா, முதல்ல நீ நம்ம பாஷையில சொல்லியிருக்கணும். எப்படிச் சொன்னே? இங்க சொல்லிக் காட்டு."

அவன் தொண்டையைச் செருமி, வானொலிக்குப் பேசுவதுபோலச் சொன்னான்: "பெரிய மீனும் சின்ன மீனும் ஒரே வலையில்தான் வருகின்றன…"

"சின்ன ஹெர்ரிங் எவ்வளவு நீளம்?"

"எப்படி?"

"அன்னிக்கு மூணு நாள் அதுக்குத்தானே சண்டை போட்டோம். சின்ன மீனு எவ்வளவு நீளம்? கை காட்டு."

கெஸ்துர் ஹெர்ரிங் மீனைத் தட்டில்தான் பார்த்திருக்கிறான், துண்டு துண்டாக, வெங்காயத்தோடு. யோசித்து, தண்ணீருக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி, முழங்கைக்கும் மேலான நீளம் ஒன்றைக் காட்டினான்.

ஃபின்போகி சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் ஆடியது. "அது சின்ன ஹெர்ரிங்கா? சுறாக்குட்டிடா அது! எந்தக் கடல்ல புடிச்சே, பாரிஸ்லயா?"

"மீன் அளப்பது தூதரின் வேலை அல்ல" என்றான் கெஸ்துர். குரலில் தடுமாற்றம் தெரிந்தது.

"சரி, விடு" என்றாள் சால்வோர். "அந்த வாக்கியத்துக்கு முன்னாடி அன்னிக்கு என்ன சொன்னே?"

"முன்னால் ஒன்றும் சொல்லவில்லை."

"பின்னாடி?"

தொட்டியில் ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் கழுத்தளவு நீரில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அறையில் எல்லோரும் தன்னைப் பார்த்துக் காத்திருந்தால் என்ன செய்வது என்று கெஸ்துருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. நாற்பது வருஷமும் யாராவது பக்கத்திலிருந்து அவனுக்காகச் சொல்லிவிடுவார்கள். அவன் இரண்டு உள்ளங்கையாலும் தொடையில் தட்டினான், தண்ணீர் எல்லோர் முகத்திலும் தெறித்தது. பாதி எழுந்து நின்றான்.

"யையா" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றான். வடகாற்று அவன் ஈர முதுகில் அடித்தது. தொட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் இப்போது சால்வோரின் பக்கம் திரும்பினார்கள்.

"என்னடி சொல்றான்?" என்று ஹால்பெரா மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டுட்டீங்களே. அவ்வளவுதான் சொன்னான்" என்றாள் சால்வோர். "இந்தத் தடவை நான் மொழிபெயர்க்கல."

"இதேதானா அன்னிக்கும்?"

"இதேதான். கையைத் தட்டினது உட்பட."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பெரிய அவமானமாக இருந்திருக்கும். கெஸ்துர் ஏணியைப் பிடித்து ஏறிப் போனான். தாள் தொட்டி விளிம்பிலேயே கிடந்தது. சால்வோர் கழுத்து வரை நீருக்குள் இறங்கிக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, நாற்பது வருஷம் இந்தக் கோழிக்கா பயந்தோம் என்று கோபமாகவும் இருந்தது.

ப்ரோத்தி, ஹால்பெரா பிரசவம் பார்த்த பிள்ளை. எங்கள் நாட்டில் நகராட்சித் தலைவனைப் பிடிக்க அதைவிட வேறு வழி தேவையில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு குளத்து அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டாள். "அவன் வாயாலயே வந்துடுச்சுடா. ஏழு பேர் சாட்சி, எல்லாரும் குளிச்சு சுத்தமா இருக்கோம்."

அன்று மதியம் ப்ரோத்தி சால்வோரைக் கூப்பிட்டான். "வாக்கியத்துக்குக் கீழ உன் பேரு. முடிவாயிடுச்சு. அவன் பேரை மொத்தமா எடுத்துடறேன்."

எடுத்துவிடு என்று சொல்லத்தான் சால்வோருக்கு ஆசை. ஆனால் அவள் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் சொன்னதை முழுங்கிவிட்டுத் தன்னுடையதை மட்டும் வைப்பது என்ன வேலை என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் நாற்பது வருஷம் இன்னொருவன் செய்தான்.

"எடுக்காதே" என்றாள். "அவன் சொன்னதை அவன் சொன்னபடி போடு. நான் சொன்னதை நான் சொன்னபடி போடு."

"அவன் சொன்னது யையா தானே?"

"அதான்."

ஜூன் முதல் ஞாயிறு கல்லைத் திறந்தார்கள். நெஸ் துறைமுகத்தில் அது இப்போதும் நிற்கிறது. மேல் வரியில், கெஸ்துர் ஓர்மார்சன், தூதர்: "யையா." அதன் கீழே, சால்வோர் பால்டுர்ஸ்தோத்திர், மொழிபெயர்ப்பாளர்: "பெரிய மீனும் சின்ன மீனும் ஒரே வலையில்தான் வருகின்றன. பெரியதை மட்டும் கேட்பவருக்குப் போட எங்களிடம் வலை இல்லை."

கெஸ்துருக்கும் முறைப்படி அழைப்பு அனுப்பியிருந்தார்கள். முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, அதன் முதுகில் கெஸ்துர் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். படித்தவர்கள் விருந்தாளி யாருக்கோ என்று நினைத்துக்கொண்டார்கள். அவன் வரவில்லை. சால்வோர் அந்த நாற்காலியில் தன் கைப்பையை வைத்தாள்.